50 டாலருக்கு ஓர் ஆப்பிள் டிவி ஸ்டிக் வருமா, வர வேண்டுமா?

கேள்வி: வீட்டில் எல்லோரிடமும் ஐபோன்தான். டிவி பழையது, அதிலுள்ள செயலிகள் திறக்கவே நேரம் எடுக்கின்றன. டிவியில் செருகி ஓடிடி பார்க்க உதவும் ரோக்குவும் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கும் 50 டாலருக்குள் கிடைக்க, ஆப்பிள் மட்டும் தன் ஆப்பிள் டிவி பெட்டிக்கு ஏன் 129 டாலரை விட்டு இறங்க மறுக்கிறது? மலிவாக ஒன்று விற்றால் அவர்களுக்கும் ஆள் சேருமே? அப்படி ஒன்று வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: 50 டாலர் ஸ்டிக்கை ஆப்பிள் விற்கக் கூடாது. 99 டாலருக்கு ஒரு பெட்டி விற்கலாம், விற்கவும் வேண்டும். இரண்டையும் விலை குறைப்பு என்று ஒரே பெயரில் சொல்லிவிடலாம், ஆனால் அவை வேறு வேறு தொழில்கள்.

ரோக்குவின் கணக்கைப் பாருங்கள். 2024இல் அதன் வருமானம் சுமார் 411 கோடி டாலர். கருவிகள் விற்று வந்தது அதில் 60 கோடிக்கும் கீழே. மற்றதெல்லாம் விளம்பரமும், அதன் தளம் வழியாக எடுக்கப்படும் சந்தாக்களில் கிடைக்கும் பங்கும், அவை சார்ந்த வரவுகளும்தான். கருவியை அடக்கவிலைக்கும் கீழே விற்றுவிட்டு, அது உங்கள் டிவியில் இருக்கும் ஆண்டுகளில் பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ரிமோட்டில் நீங்கள் கேட்காமலே நாலைந்து ஓடிடி பெயர்களில் பொத்தான்கள் இருக்கின்றனவே, அவையும் விற்கப்பட்ட இடங்கள்தான். ஃபயர் டிவியைத் திறந்ததும் மேலே பெரிதாக ஓடும் விளம்பரமும் இதே வகை. ஆக, 50 டாலர் என்பது நீங்கள் முதலில் கட்டும் தவணை மட்டுமே.

ஆப்பிளிடம் இந்த இரண்டாம் வருமானம் பெரிதாக இல்லை. முகப்புத் திரையில் தேர்வை டிவி செயலியின் மேல் நிறுத்தினால் தன் சொந்தத் தொடர்களைப் பெரிய படமாகக் காட்டும், அதோடு சரி. முகப்புத் திரையை அடுத்தவருக்கு வாடகைக்கு விடுவதில்லை. 129 டாலர் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்குபவர்களில் கணிசமானோர் இந்த விளம்பரமில்லாத திரைக்காகத்தான் வாங்குகிறார்கள். மலிவுப் பெட்டியில் விளம்பரத்தை நுழைத்தால் பிராண்டின் முக்கியமான பிடிப்பே போய்விடும்.

“சேவையில் சம்பாதிக்கலாமே” என்று தோன்றும். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் பொருள் விற்பனையில் மொத்த லாப விகிதம் சுமார் 37 சதவீதம், சேவைகளில் சுமார் 74. பெட்டியை இனாம்போல் கொடுத்துச் சந்தாவில் ஈட்டலாம் என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் ஆப்பிளின் டிவி செயலி 2019 முதலே சாம்சங் டிவியிலும் ரோக்குவிலும் ஃபயர் டிவியிலும் இருக்கிறது. அங்கே பார்ப்பவரும் அதே மாதச் சந்தாவைத்தான் கட்டுகிறார். சொந்தப் பெட்டியால் கூடுதலாக வருவது, பிற சேவைகளின் சந்தாவில் எடுக்கும் தரகு. அதுவும் சுருங்கிவருகிறது. நெட்ஃபிளிக்ஸ், புதிய வாடிக்கையாளர்கள் ஆப்பிள் வழியாகப் பணம் கட்டுவதை 2018இன் இறுதியிலேயே நிறுத்திவிட்டது.

இனி, விலை குறைப்பில் எல்லோரும் பயப்படும் விஷயம்: உயர்ந்த விலைக்கு வாங்கியிருப்பவர் கீழே இறங்கிவிடுவது. கற்பனை எண்களை வைத்தே பார்ப்போம். 129 டாலர் பெட்டி ஒன்றுக்கு 40 டாலர் மிஞ்சுகிறது, 99 டாலர் பெட்டிக்கு 20 மிஞ்சுகிறது என்று கொள்வோம். முன்பு பெரிய பெட்டி வாங்கிய 100 பேரில் 40 பேர் சின்னதுக்கு இறங்கினால் 800 டாலர் நஷ்டம். புதிதாக 40 பேர் வந்தால் அது சரியாகிவிடும், 41ஆவது ஆளிலிருந்து லாபம். இதையே 50 டாலருக்கு, ஒன்றும் மிஞ்சாமல் விற்றால்? அதே 40 பேர் இறங்க 1,600 டாலர் போகும். புதிதாக எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் அந்தக் குழி நிரம்பாது, ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் மிஞ்சுவது பூஜ்யம். எண்களை எப்படி மாற்றினாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: மலிவுப் பெட்டி ஒன்றுக்கு ஏதாவது மிஞ்சுகிறதா?

மலிவுப் பெட்டியை ஆப்பிள் ஏற்கெனவே விற்றும் இருக்கிறது. 2007இல் 299 டாலரில் தொடங்கிய ஆப்பிள் டிவி 2010இல் 99க்கு வந்தது. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பெட்டியின் விலையை 2015 மார்ச்சில் 69 ஆக்கினார்கள். அதே ஆண்டு இறுதியில் செயலிக் கடையோடு 149 டாலர் பெட்டி வந்தபோதும் 69 டாலர் பெட்டி அடுத்த ஆண்டு அக்டோபர்வரை கடையில் இருந்தது. செயலிக் கடை அதற்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. வாங்கியவர்களுக்குச் செயலிகள் ஒவ்வொன்றாக விலகின, யூடியூப் 2021 மார்ச்சில் போனது. பழைய சரக்கின் விலையைக் குறைத்து அதையே மலிவு மாடல் என்று நிறுத்தினால் நடப்பது இதுதான்.

ஆப்பிளின் சின்ன ஒலிபெருக்கியான ஹோம்பாட் மினி இதற்கு நேர்மாறான உதாரணம். 349 டாலர் ஹோம்பாட் விற்பனையில் திணறியபோது, அதன் உறுப்புகளை மட்டமாக்கி விலை குறைக்கவில்லை. 2020இல் 99 டாலருக்குச் சின்னதாக, வேறு இடத்துக்கு, வேறு வேலைக்கு என்று தனியாக வடிவமைத்தார்கள். பெரியது 2021இல் நிறுத்தப்பட்டு 2023இல் 299 டாலருக்குத் திரும்பி வந்தது. சின்னதைப் பார்த்து யாரும் “போலி ஹோம்பாட்” என்று சொல்லவில்லை.

அப்படியானால் 99 டாலர் பெட்டியில் எதை வெட்டலாம்?

ரிமோட்டில் தொடங்கலாம். தனியாக வாங்கினால் சிரி ரிமோட் மட்டும் 59 டாலர். அலுமினிய உடலும் சார்ஜ் செய்யும் மின்கலமும் போகலாம். பிளாஸ்டிக்கும் மாற்றக்கூடிய பேட்டரியும் போதும். ஆனால் ரிமோட்டையே எடுத்துவிட்டு “போன் இருக்கிறதே” என்று சொல்லக் கூடாது. 2013இல் கூகுளின் 35 டாலர் குரோம்காஸ்ட் கருவி அப்படித்தான் வந்தது. வீட்டில் போன் இல்லாத குழந்தையும் வந்த விருந்தாளியும் டிவியைத் தொட முடியாமல் போனார்கள். 2020இல் கூகுளே ரிமோட்டைச் சேர்த்துவிட்டது.

சேமிப்பிடம் 64 ஜிபி தேவையில்லை, 32 போதும். அதற்குக் கீழே போகக் கூடாது. 2020இல் வந்த குரோம்காஸ்டில் 8 ஜிபிதான். இயங்குதளம் எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சியது 5 ஜிபிக்கும் குறைவு. பத்துப் பதினைந்து செயலிகள், அவற்றின் தற்காலிகக் கோப்புகள் என்று நிரம்பிவிட, புது அப்டேட்டை இறக்கவே இடமில்லாமல் தவித்தது. 2024இல் அதற்குப் பதிலாக வந்த கூகுள் டிவி ஸ்ட்ரீமரில் 32 ஜிபி, ரேம் இரட்டிப்பாகி 4 ஜிபி, விலை 100 டாலர். மலிவு விலையிலேயே ஊறிய நிறுவனமே 100 டாலருக்கு ஏறியது கவனிக்க வேண்டிய விஷயம்.

ரேம் 3 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம். 2017, 2021 பெட்டிகளில் அதுதான் இருந்தது. ரேம் குறைந்தால் படம் தடுமாறும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தடுமாறுவது செயலி மாற்றும்போதுதான். பின்னணியில் இருந்ததை இயங்குதளம் மூடிவிடும், திரும்பிப் போனால் மறுபடி முதலிலிருந்து திறக்கும்.

சிப்பில்தான் பெரிய பொறி இருக்கிறது. சுருக்கி அனுப்பப்படும் படத்தை விரிக்கும் வேலையை சிப்புக்குள் அதற்கென்றே இருக்கும் தனிப் பகுதி செய்கிறது. ஆகவே விளையாட்டுகளை விட்டுவிட்டால் மெதுவான சிப் போதும். ஆனால் மெதுவானது வேறு, பழையது வேறு. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் ஏவி1 என்ற, படத்தைச் சுருக்கும் புதிய முறைக்கு நகர்ந்துவருகின்றன. 2022 பெட்டியில் உள்ள ஏ15 சிப்பில் அதற்கான வன்பொருள் இல்லை. கிடங்கில் மிஞ்சிய சிப்பைப் போட்டு விலையைக் குறைத்தால் அந்த 69 டாலர் பெட்டியின் கதைதான் திரும்பும்.

ஸ்டிக் வடிவம் வேண்டவே வேண்டாம். டிவியின் யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். கனமான செயலி திறக்கும் நொடியில் தேவை அதைத் தாண்டினால் கருவி தானாக அணைந்து மீண்டும் எழும். பல டிவிகள் அணைந்தால் அந்தத் துளைக்கும் மின்சாரம் நிற்கும். இரவில் அப்டேட் நடக்காது, வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்கும் மையமாக அதை நம்பியிருக்க முடியாது. போதாததற்கு, டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டு சூடாகும், வைஃபை அலையையும் டிவியின் உலோகத் தகடு மறைக்கும். ஏற்கெனவே ஸ்டிக் வைத்திருந்து இந்தத் தொல்லை இருந்தால், கூடவே வந்த அடாப்டரில் செருகி, சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பி மூலம் அதைப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவாருங்கள். பாதிப் புகார்கள் அத்தோடு தீரும்.

ஈதர்நெட்டும் (கம்பிவழி இணைய இணைப்பு) திரெட் ரேடியோவும் (வீட்டு விளக்கு, பூட்டு போன்றவற்றோடு பேசும் கம்பியில்லா இணைப்பு) 129 டாலர் மாடலிலேயே இல்லை, 149 டாலர் மாடலில்தான் இருக்கின்றன. ஆகவே அங்கே வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. 4கே மட்டும் இருந்தே ஆக வேண்டும்.

இவற்றுக்கு மேல், பெட்டியில் அச்சிடாத ஒரு செலவு உண்டு: மென்பொருள் ஆதரவு. 2015இல் வந்த ஆப்பிள் டிவிக்கு 2024இல் வந்த அதன் இயங்குதளமான டிவிஓஎஸ் 18 கூடக் கிடைத்தது. மலிவுப் பெட்டிக்கும் மக்கள் அதையே எதிர்பார்ப்பார்கள். விளம்பர வருமானம் இல்லாமல், ஒருமுறை வாங்கிய விலையிலிருந்தே அத்தனை ஆண்டுகளுக்கும் செலவழிக்க வேண்டும். 50 டாலரில் அதற்கு இடமில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். காத்திருக்க வேண்டாம். முதலில் டிவியின் அமைப்புகளில் ஏர்பிளே (ஐபோனிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்பும் ஆப்பிள் வசதி) இருக்கிறதா, ஆப்பிளின் டிவி செயலி கிடைக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மென்பொருளைப் புதுப்பித்து, ஒருமுறை தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, பயன்படுத்தாத செயலிகளை நீக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தவழ்ந்தால் வெளிக் கருவி தேவைதான்.

போனிலிருந்து படங்களை டிவிக்கு அனுப்புவதும் ஓடிடி பார்ப்பதும் மட்டுமே வேலை என்றால், ஏர்பிளே உள்ள 4கே ரோக்கு மாடல் ஒன்றே போதும். ஃபயர் டிவி ஸ்டிக்கில் ஏர்பிளே கிடையாது, ஐபோன் வீட்டுக்கு அது பொருந்தாது. விளம்பரமே கூடாது, ஏர்பாட்ஸை நேராக இணைக்க வேண்டும், ஐபோனைக் கேமராவாக வைத்து டிவியில் ஃபேஸ்டைம் பேச வேண்டும், வீட்டுக் கருவிகளுக்கு மையம் வேண்டும் என்றால் ஆப்பிள் பெட்டிக்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு.

கையில் 129 டாலர் இல்லையென்றால் பழையதைத் தேடலாம், அடியில் அச்சிட்ட மாடல் எண்ணைப் பார்த்து. ஏ1625 என்றால் 2015 பெட்டி, 4கே வராது, தவிருங்கள். ஏ1842 என்பது 2017இன் 4கே பெட்டி. அதில் திரெட்டும் ஃபேஸ்டைமும் இல்லை. ஏ2169 என்றால் 2021 பெட்டி. பழைய சந்தையில் நல்ல பேரம் இதுதான்: ஈதர்நெட், திரெட் இரண்டும் எல்லாப் பிரதியிலும் உண்டு. ரிமோட் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த 59 டாலர் உங்கள் தலையில் விழும். எச்டிஎம்ஐ கம்பி புதுப் பெட்டியோடும் வராது. 4கே எச்டிஆருக்கு 18 ஜிகாபிட் வேகம் தாங்கும் கம்பியாக வாங்குங்கள். அது இல்லாமல் பழைய கம்பியைச் செருகினால் திரை அவ்வப்போது ஓரிரு நொடி கறுத்துத் திரும்பும், பழி பெட்டிமேல் விழும்.