கவிதைப் புத்தகத்தைக் கொண்டுபோய்விட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: என் தம்பி இரண்டு வருடத்துக்கு முன் சொந்தக் காசில் ஒரு கவிதைத் தொகுப்புப் போட்டான். போன கிழமை விசாரணைப் பிரிவினர் வீட்டுக்கு வந்து இரண்டு பிரதிகளைக் கொண்டுபோனார்கள். மிச்சத்தை எரித்துவிடச் சொல்கிறா அம்மா. எரிக்கலாமா? (ஒரு வாசகி, கிழக்கு இலங்கை)

எரிக்க வேண்டாம், சகோதரி. நாளைக்குத் தம்பிக்காகப் பேசப்போவது அந்தப் புத்தகம்தான். எரித்தால் எதையோ மறைத்தீர்கள் என்றும் ஆகிவிடும்.

அம்மாவின் பயம் காரணமில்லாததல்ல. மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜசீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். 2017-இல் வந்த அவருடைய 'நவரசம்' தொகுப்பில் தீவிரவாதம் இருக்கிறதாம். போரையும் தீவிரவாதத்தையும் எதிர்த்து எழுதிய கவிதைகள் அதே புத்தகத்தில் இருந்தன. தமிழ்க் கவிதையைப் பிழையான சிங்கள மொழிபெயர்ப்பில் வாசித்து முடிவெடுத்தார்கள். பல மாதங்கள் சட்டத்தரணியைப் பார்க்கவே விடவில்லை. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலையானது 2023 டிசம்பரில். ஒரு மொழிபெயர்ப்பு ஒரு இளைஞனின் வாழ்க்கையில் இவ்வளவு வருடத்தைத் தின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அதனால் முதல் வேலை மொழிபெயர்ப்பு. கவிதை தெரிந்த, பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துத் தொகுப்பு முழுவதையும் சிங்களத்தில் செய்து வையுங்கள். சந்தேகத்துக்கு இடம் தரும் என்று நீங்கள் நினைக்கும் கவிதைகளை மட்டும் செய்தால் போதாது. முன்னும் பின்னும் இல்லாமல் நிற்கும் வரிதான் ஆபத்து. முன்னுரை, விமர்சனங்கள், வெளியீட்டு விழா அழைப்பிதழ் எல்லாவற்றின் பிரதியும் ஒரு சட்டத்தரணியிடம் இருக்கட்டும்.

விசாரணைக்கு அழைத்தால் தனியே அனுப்பாதீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ எடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகிவிடும். ஊடகவியலாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகம் வழக்கில் நடந்தது அதுதான். அழுத்தம் கொடுத்து வாங்கியது என்று அவர் சொன்ன வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 2009 ஆகஸ்டில் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தது. அடுத்த வருடம் பொதுமன்னிப்பு வந்தது. அதுவும் உலகமே பேசிய பிறகு.

கைது நடந்தால், யார், எந்தப் பிரிவு, எத்தனை மணி, எந்தச் சட்டம் என்று அங்கேயே கேட்டு எழுதுங்கள். எந்தச் சட்டம் என்பது முக்கியம். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை 2019-இல் ஒரு முகநூல் சிறுகதைக்காக உள்ளே வைத்தது ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (குடிசார், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்), அதில் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வந்த குடும்பங்கள் உண்டு.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அதை அம்மாவின் கைபேசியிலும் பதிந்து கொடுங்கள்.