வாசகர் கேள்வி – பதில்: உரையாடலால் மதப் பாகுபாடு குறையுமா?

கேள்வி: நாங்கள் வெவ்வேறு சமயங்களைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள். எங்கள் தோழி ஒருத்திக்கு அவளுடைய மதத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு அறை தர மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு பல்சமய உரையாடல் குழு ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம். உட்கார்ந்து பேசுவதால் பாகுபாடு குறையும் என்று நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் எப்படிப்பட்ட சூழலில், எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். வெவ்வேறு குழுவினர் பழகும்போது வெறுப்பு குறைவதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார்: பழகுகிறவர்களுக்குச் சமமான இடம் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் ஒன்று வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், சட்டமோ நிறுவனமோ அந்தப் பழக்கத்துக்குத் துணை நிற்க வேண்டும். 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் பெட்டிக்ரூ, ட்ராப் ஆகிய இருவர் வெளியிட்ட முடிவும், இத்தகைய பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றே காட்டியது.

எனினும் அதன் எல்லையையும் அறிந்துகொள்வது நல்லது. ஐஎஸ் எனும் தீவிரவாத அமைப்பினரின் வன்முறையால் வீடிழந்த இராக்கியக் கிறித்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து ஆடவைத்த ஓர் ஆய்வை சல்மா மூசா 2020-இல் வெளியிட்டார். கலப்பு அணியில் ஆடிய கிறித்தவ இளைஞர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேர முன்வந்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகும் முஸ்லிம் வீரர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் அறிமுகமில்லாத முஸ்லிம்களிடையே போய்ப் புழங்கும் அளவுக்கு அந்த மாற்றம் விரியவில்லை. ஆகவே உங்கள் குழுவுக்குள் மலரும் நட்பு, உங்கள் தோழிக்கு அறை மறுத்த வீட்டுக்காரரின் மனத்தைத் தானாகவே மாற்றிவிடாது. அவருடனும், அவரைப் போன்றவர்களுடனும் பேசும் பொறுப்பைக் குழு தனியே ஏற்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கூட்டங்களில் எல்லா மதங்களும் அன்பைத்தான் போதிக்கின்றன என்று பேசி மகிழ்ச்சியாகக் கலைகிறோம். ஆனால் சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். எங்கே தவறு?

பதில்: அவர் தாம் பட்ட அவமதிப்பைச் சொல்ல உங்கள் கூட்டத்தில் இடமில்லாமல் போயிருக்கலாம். ஒற்றுமைகளை மட்டுமே பேசும் சந்திப்புகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. தமார் சாகி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனையில், பலமுள்ள குழுவினரும் பலமற்ற குழுவினரும் தங்களுக்குப் பொதுவானவற்றைப் பற்றி இனிமையாகப் பேசினார்கள். கூடுதல் மதிப்பெண்களை இரு குழுவுக்கும் பங்கிடும் அதிகாரம் பலமுள்ளவர்களிடம் இருந்தது. பேச்சுக்குப் பிறகு, அவர்கள் தங்களுக்கு நியாயமாகப் பங்கிட்டுத் தருவார்கள் என்று பலமற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். பலமுள்ளவர்களோ அப்படிப் பங்கிடவில்லை. இனிய பேச்சு ஒரு தரப்பின் எதிர்பார்ப்பை மட்டும் உயர்த்திவிட்டு, மறு தரப்பின் நடத்தையை இருந்தபடியே விட்டுவிட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. ஏனென்றால் நல்லெண்ணத்தோடு தொடங்கப்படும் பல குழுக்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. நண்பரை நேரில் சந்தித்து, கூட்டத்துக்கு வரும்படி வற்புறுத்தாமல், அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். "உங்கள் மதத்தில் ஏன் இப்படி?" என்று அவரை ஒரு சமயம் முழுவதற்குமான பிரதிநிதியாக நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில், யாரால், எந்தச் சொல்லால் புண்பட்டார் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். அதற்கு யார் என்ன செய்வது என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்: வழிபாட்டு நாளில் தேர்வு வைக்கப்பட்டால் நிர்வாகத்துக்குக் கூட்டாக மனு எழுதுவது, வாட்ஸ்அப் குழுவில் ஒரு சமயத்தாரைப் பற்றிப் பொய்ச்செய்தி வந்தால் அதே சமயத்தவர் பதில் சொல்லக் காத்திராமல் மற்றவர்கள் மறுப்பது ஆகியவை உடனே செய்யக்கூடியவை. புண்பட்டவரே மறுபடி மறுபடி வாதாட வேண்டிய சுமையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதைத்தான் நான் உரையாடலின் முதற்பயனாகக் கருதுகிறேன்.

கேள்வி: இதில் சேர்ந்தால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பரையும் சேர்க்கலாமா?

பதில்: பெற்றோரின் அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள், குழுவின் விதியை அவர்களிடம் காட்டுங்கள். யாரும் யாரையும் தம் சமயத்துக்கு அழைக்கக் கூடாது, பிறர் வழிபாட்டில் பங்கேற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை அந்த விதியில் இருக்கட்டும். 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவு, மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் சமய சுதந்திரத்தையும் எல்லோருக்கும் உரியதாக்குகிறது. 1966-இல் ஏற்கப்பட்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஒப்பந்தம் இவ்விஷயத்தில் எவ்வித வற்புறுத்தலையும் தடைசெய்கிறது. எந்தச் சமயத்தையும் சேராதவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் விளக்கியிருக்கிறது. ஆகவே உங்கள் நண்பரைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

கேள்வி: வன்முறை நடந்து முடிந்த இடத்தில், அதில் பங்குகொண்ட இளைஞர்களோடும் பேச முடியுமா?

பதில்: முடியும் என்பதற்கு நைஜீரியாவின் கடுனாவில் சான்று இருக்கிறது. இமாம் முகம்மது அஷாஃபாவும் பாதிரியார் ஜேம்ஸ் வூயேயும் ஒருவரையொருவர் எதிர்த்த ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள். மோதலில் வூயே தம் வலக்கையை இழந்தார். அஷாஃபா தம் ஆசானையும் உறவினர் இருவரையும் இழந்தார். பின்னர் அவர்கள் இருவரும் சேர்ந்து 1995-இல் சமயங்களுக்கிடையேயான சமரச மையத்தைத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களைப் பார்த்து நீங்கள் அவசரப்பட வேண்டாம். அனுபவமுள்ள நடுவர் ஒருவர் இல்லாமல் இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைக்காதீர்கள். முதலில் இரு தரப்பையும் தனித்தனியே சந்தியுங்கள். பாதிக்கப்பட்டவர் வர மறுத்தால், மன்னிக்கச் சொல்லி அவரை நெருக்காமல் அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அது தன் போக்கில் நடக்கட்டும். உரையாடலைக் காரணம் காட்டி புகாரைத் திரும்பப் பெறும்படி யாரையும் கேட்கக் கூடாது.