மருத்துவம் மட்டுமே மகிழ்ச்சி தருமா?

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

மருத்துவ இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, மனிதர்களின் மகிழ்ச்சியைப் பற்றி ஆராயப் போவதாக மகள் சொன்னால் பெற்றோருக்குக் கலக்கம் வருவது இயல்பே. ஆனால், மருத்துவரானால்தான் அவள் மகிழ்ச்சியாக இருப்பாள் என்று உறவினர்கள் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

உளவியலாளர் எட் டீனர் 1984இல் எழுதிய கட்டுரைக்குப் பின், வாழ்க்கையைக் குறித்த மனநிறைவு, மிகுதியான இனிய உணர்வுகள், குறைவான துன்ப உணர்வுகள் ஆகிய மூன்றையும் சேர்த்தே அகநிலை நலவாழ்வு என ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அதை மதிப்பிடும் உரிமை அந்த வாழ்க்கையை வாழ்பவருக்கே உண்டு, சுற்றத்தாருக்கு இல்லை. உளவியலாளர்கள் டெசி, ரையன் ஆகியோரின் கோட்பாடோ தன்விருப்பத்தையே மனிதரின் அடிப்படை உளத்தேவைகளுள் ஒன்றாக வைக்கிறது. வற்புறுத்திச் சேர்க்கும் படிப்பு முதலில் குலைப்பது அதைத்தான்.

கணக்கிலும் மனிதர்களைக் கவனிப்பதிலும் ஒருசேர ஈடுபாடு கொண்ட உங்கள் மகளுக்கு, பலரும் எண்ணிப் பார்க்காத உளவியல் அளவீட்டுத் துறையை, அதாவது மனத்தின் இயல்புகளை அளக்கும் வினாப்படிவங்களையும் தேர்வுகளையும் உருவாக்கிச் சோதிக்கும் துறையை, பரிந்துரைக்கிறேன். டீனர் குழுவினர் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை நிறைவு அளவுகோலில் ஐந்தே கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பார்வைக்கு எளிய இந்தப் படிவத்தின் பின்னே, சில வாரங்கள் கழித்துக் கேட்டாலும் ஏறத்தாழ அதே விடை கிடைக்குமா, அன்றைய மனநிலை விடையைத் திரிக்கிறதா, வேறு மொழியில் பெயர்த்தபின்னும் அதே பொருளைத்தான் அளக்கிறதா என்று சோதிக்கும் கடும் உழைப்பு இருக்கிறது. நினைவு ஏமாற்றக்கூடும் என்பதால், உளவியலாளர் கானெமன் குழுவினர் 2004இல் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எழுந்த உணர்வைப் பதியச் செய்யும் முறையை முன்வைத்தார்கள். இப்படிப்பட்ட கருவிகளை உருவாக்குவோருக்குப் பொதுநல ஆய்விலும், தேர்வு அமைப்புகளிலும், பணியாளர் தேர்விலும் இடமுண்டு. புள்ளியியலும் கணினி நிரலாக்கமும் இத்துறையின் உயிர்நாடி. அவை கசந்தால் இது அவளுக்கு உரியதன்று என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

இளநிலைப் பட்டம் மட்டும் பொதுவாகப் போதாது என்பதால், முதுநிலைப் படிப்பின் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். மறுபுறம், உறவினர் முன் தலைநிமிர்வதற்காக வீட்டை அடமானம் வைத்து மருத்துவ இடம் வாங்குவதற்கு நான் ஒருபோதும் உடன்படமாட்டேன். அந்தக் கடனின் சுமை, அவள் கேட்காத ஒரு படிப்பின் பெயரால் அவள் தோளில்தான் இறங்கும். அடுத்த சந்திப்புக்கு இரு படிப்புகளின் முழுச் செலவையும் எழுதிக்கொண்டு, மகளோடு நீங்கள் இருவர் மட்டும் வாருங்கள்.