கனமான கூலரும் காணாமல் போன ராமும்

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூருக்கு வீடு மாறினோம். நானே பார்ட் பார்ட்டாக வாங்கி மாட்டிய கம்ப்யூட்டரைக் குட்டியானையில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் நிற்கவைத்துக் கொண்டுவந்தோம். இப்போது 16 ஜிபி ராம் 8 ஜிபி என்றுதான் காட்டுகிறது. ஸ்டிக் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டுமே நன்றாக இருக்கின்றன, ஒரு ஸ்லாட்தான் செத்துக் கிடக்கிறது. இன்டெல் ப்ராசஸர், மேலே அதன் சூட்டைத் தணிக்கும் இரட்டை டவர் கூலர். கடைக்காரர் போர்டு போச்சு என்கிறார். உண்மையா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதற்குள் காசை எடுக்காதீர்கள். ராமைக் கவனிக்கும் கன்ட்ரோலர் இப்போதெல்லாம் போர்டில் இல்லை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லாட்டிலிருந்து வரும் பாதை, ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டில் உள்ள மெல்லிய பின்கள் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதில் ஒன்றிரண்டு சரியாக ஒட்டாவிட்டாலே ஒரு ஸ்லாட் காணாமல் போய்விடும். உங்கள் கூலர் எது என்று எழுதவில்லை. நாக்டுவா கம்பெனியின் என்எச்-டி15 ரகம் என்றால் இரண்டு ஃபேனோடு 1,320 கிராம். கேபினட் நிற்கும்போது இந்த எடை போர்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தொங்குகிறது. மேஜை மேல் ஆடாமல் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது அந்த உலுக்கல் முழுவதும் சாக்கெட்டுக்குத்தான் போகும். 700 கிராமுக்கு மேல் இருந்தால் பயணத்துக்கு முன் கழற்றிவிடுங்கள் என்று நாக்டுவாவே சொல்கிறது. 2015-இல் இன்டெல்லின் ஸ்கைலேக் ப்ராசஸர்கள் வந்தபோது, அதன் அடித்தட்டு முன்பைவிட மெல்லியது என்பதால், கூலர் அழுத்தத்தில் ப்ராசஸரே வளைந்த புகார்கள் வந்து, சைத் கம்பெனி தன் கூலர்களுக்கு மாற்று ஸ்க்ரூ கொடுத்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைப் படுக்கவைத்து, கூலர் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றுங்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய தெர்மல் பேஸ்ட் படிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு ஓரம் வழித்தெடுத்த மாதிரியும் எதிர் ஓரம் கெட்டியாகவும் இருந்தால் கூலர் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது. ப்ராசஸரை எடுத்துவிட்டு சாக்கெட்டில் மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பின்கள் வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும், வளைந்தது தனியாகத் தெரியும் (விரல் மட்டும் வைத்துவிடாதீர்கள்). வளைவு எதுவும் இல்லையென்றால் திரும்ப உட்காரவைத்து, புது பேஸ்ட் போட்டு, எல்லா ஸ்க்ரூவையும் சமமாக முறுக்குங்கள். அதற்கப்புறமும் ராம் வரவில்லை என்றால் கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம். பின் வளைந்திருந்தால் வாரன்டி கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர், ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு. கூலரை இழுத்தேன், ப்ராசஸரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது! (வியாசர்பாடி வாசகர்)

பதில்: பழைய பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரிலேயே இருப்பதால் லீவர் பூட்டியிருந்தாலும் பிடுங்கிக்கொண்டு வரும். பின் ஏதாவது சாய்ந்திருந்தால் லெட் இல்லாத மைக்ரோடிப் பென்சிலின் முனையை அதில் நுழைத்து மெதுவாக நிமிர்த்துங்கள், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். அடுத்த முறை பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

கேள்வி: கூலர் தொங்காமல் இருக்க தூண்டில் நரம்பால் கேபினட்டின் மேல்பக்கத்தோடு கட்டிவிடலாமா? (காசிமேடு வாசகர்)

பதில்: யோசனை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் இறுக்கிக் கட்டினால் கூலரை ஒரு பக்கமாக இழுக்கும், லூசாகக் கட்டினால் கட்டியும் பிரயோஜனமில்லை. உங்களுடையது 65 வாட் ப்ராசஸர் என்றால் ஒரு கிலோ கூலரே தேவையில்லை, ஒற்றை டவர் கூலர் தாராளமாகப் போதும். கடல் பக்கத்து வீட்டில் ஈரப்பசையோடு தூசியும் சேர்ந்து கூலரின் ஃபின் (மெல்லிய தகடு) இடுக்குகளில் அப்பிக்கொள்ளும், அதைத்தான் முதலில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.