இரண்டாம் வருஷத்திலேயே தோல் நிபுணத்துவத்துக்கு ஆயத்தமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் டொக்டர்,

எனக்குச் சொந்த இடம் திருகோணமலை, உவர்மலை. மருத்துவபீடத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். தோல் வைத்திய நிபுணராக வேண்டும் என்பது ஏ.எல். காலத்து ஆசை. யூடியூபில் அமெரிக்க மாணவர்களைப் பார்த்தால் முதல் வருஷத்திலேயே ஆய்வுக் கட்டுரை, மென்டர், சங்கத்தில் பதவி என்று ஓடுகிறார்கள். நான் பிந்திவிட்டேனா? காசு கட்டினால் கட்டுரையில் பெயர் சேர்த்துத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார், சேரலாமா? அம்மாவுக்கு என் தெரிவில் சந்தோஷம், நைட் டியூட்டி இல்லாத வேலையாம். பெயர் போட வேண்டாம்.

தங்கச்சி,

பிந்தவில்லை. ஆனால் அந்த வீடியோக்களில் வருவது அவர்கள் நாட்டு ஆட்சேர்ப்புக்கான விடை, உங்களுக்கு வைத்திருக்கும் கேள்வித்தாள் வேறு.

அங்கே தோல் பயிற்சி என்பது ஒரு வருஷம் பொது மருத்துவம், பிறகு மூன்று வருஷம் தோல். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அங்கே டொக்டராக வேலை செய்ய எழுத வேண்டிய உரிமப் பரீட்சை யு.எஸ்.எம்.எல்.இ., அதன் முதல் கட்டமான ஸ்டெப் 1 பரீட்சைக்கு 2022 ஜனவரியிலிருந்து புள்ளி கிடையாது, சித்தி அல்லது சித்தியில்லை, அவ்வளவுதான். புள்ளி போனதும் ஆளைப் பிரித்துப் பார்க்க வேறு எதையாவது பிடிக்க வேண்டுமே, அதனால் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 புள்ளியும் கட்டுரைகளும் அங்கத்தைய தோல் பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதமும் கனத்துவிட்டன, ஆய்வுக்கென்றே ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவைப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அந்தத் துறையில் கதவு மிக ஒடுக்கம். போகவே கூடாது என்று சொல்லவில்லை. போவதென்றால் அது தனிப் பாதை, நாலாம் வருஷமளவில் தீர்மானித்தால் போதும். இரண்டு பாதைக்கும் இப்போதே காலை வைத்தால் இரண்டிலும் அரைகுறைதான்.

இங்கே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம். நடத்தும் தெரிவுப் பரீட்சையைத் தாண்ட வேண்டும், அதுவும் இன்டர்ன் (பட்டம் எடுத்ததும் வைத்தியசாலையில் செய்யும் பயிற்சி) முடித்த பிறகு. அப்புறம் பயிற்சி, எம்.டி. என்ற நிபுணத்துவப் பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி. விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களுடைய தளத்தில் இருக்கும் புரொஸ்பெக்டஸை (விதிமுறைக் கையேட்டை) வருஷத்துக்கு ஒரு தடவை நீங்களே வாசியுங்கள், சீனியர் சொன்னார் என்று நம்ப வேண்டாம். அதற்கு முன்னால் இறுதிப் பரீட்சை மெரிட் இருக்கிறது, இன்டர்ன் இடம் அதைக் கொண்டுதான் வரும். ஆகவே இந்த வருஷத்து வேலை அனாட்டமியும் பிசியோலொஜியும் பயோகெமிஸ்ட்ரியும்தான். சப்பென்று இருக்கிறதா? என்ன செய்ய.

சரி, தோலுக்கென்று தனியாக இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு: பார்க்கப் பழகுவது. இதை யாரும் பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் யாரும் செய்வதில்லை. புத்தகப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். அதில் செக்கச்செவேல் என்று தெரியும் எக்சிமா என்ற தோல் அழற்சி நம்முடைய ஆட்களில் ஊதாவாக, சாம்பலாக, சில வேளை வெறும் கறுப்பாகத்தான் தெரியும். சிவப்பைத் தேடினால் கிடைக்காது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், விரலால் தடவித் தடிப்புப் பார்க்க வேண்டும், வாட்டின் டியூப்லைட்டில் தெரியாதது ஜன்னலோரம் கூட்டிப்போனால் தெரியும்.

மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் நெஞ்சுவலி என்று வாட்டில் இருந்தார். முழங்கைக்குக் கீழே மங்கலான ஒரு திட்டு, தேமல் என்று அவரே சொல்லிவிட்டதால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டபோது சுற்றியுள்ள தோலில் எல்லாம் 'ம்' என்றவர் திட்டுக்குள் தொட்டால் பேசாமல் இருந்தார். முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்னர் நரம்பு தடித்து, விரலுக்கடியில் கயிறு மாதிரி உருண்டது. தொழுநோய். 1995இல் இலங்கை அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற மட்டத்திலிருந்து இறக்கிவிட்டது உண்மை, ஆனால் ஒவ்வொரு வருஷமும் புது நோயாளர்கள் வருகிறார்கள், நம்முடைய கிழக்கிலும்தான். மருந்து இலவசம், குணமாகும். பிந்தினால் மடங்கிய விரல் மட்டும் திரும்ப வராது.

இன்னொன்று படர்தாமரை, தோலில் வரும் பூஞ்சைத் தொற்று. இப்போது அது புத்தகத்து வளையமாக வருவதே அபூர்வம், பாமசியில் சொல்லி வாங்கிய ஸ்டீரொய்ட் டியூபைப் பூசிப் பூசி உருவமே மாறியிருக்கும். பூசினால் கடி நிற்கும், நிறுத்தினால் இன்னும் அகலமாக வரும், திரும்பவும் டியூப். "என்ன பூசினீங்க?" என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்பார்கள். டியூபைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விளிம்பைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கும் வித்தையை யாராவது காட்டித்தரச் சொல்லுங்கள், அரை மணித்தியாலத்தில் பழகலாம்.

பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எங்கே, என்ன நிறம், தொட்டால் எப்படி, நான் என்ன நினைத்தேன், கடைசியில் என்னவாக இருந்தது. பெயர் வேண்டாம். அனுமதி கேட்காமல் போனில் படம் எடுக்கவே கூடாது, அதிலும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது மகா பிழை.

ஆய்வு ஆசையிருந்தால் அந்தக் கொப்பியிலிருந்து வரட்டும். மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோயான லீஷ்மானியாசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டிலேயே தொற்றிய முதல் தோல் நோயாளி பதிவானது 1992இல். காரணமான ஒட்டுண்ணி லீஷ்மானியா டொனோவானி இந்தியாவில் ஈரல், மண்ணீரலைத் தாக்கும் காலா அசாரை உண்டாக்குவது, இங்கே பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. ஏன் என்பதைத் தேடும் வேலை இன்னும் கிடக்கிறது. நல்ல விரிவுரையாளர் ஒருவரிடம் போய், தரவு பதிவதற்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நேர்முகத்தில் யாராவது அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டால் வாயடைத்து நிற்க மாட்டீர்கள். டெலிகிராம்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். செய்யாத வேலைக்குப் பெயர் போடுவது மோசடி, பிடிபட்டால் போவது உங்கள் பெயர், அவர் கணக்கை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். தோல் நிபுணரான பிறகு இரவுகள் குறைவுதான், ஆனால் மருந்து ஒவ்வாமல் உடம்பெல்லாம் தோல் உரிந்து வருகிறவர் பகல் பார்த்து வரமாட்டார். அதோடு நிபுணராக முந்தி இன்டர்ன் வருஷம் முழுக்க நைட் இருக்கிறது, அதற்குப் பிறகும் இருக்கும். தோலைப் பார்க்கப் பிடித்திருந்தால் வாருங்கள், நித்திரைக்காக என்றால் வேறு துறை யோசிக்கலாம்.