அபராதம் எழுதியும் வசூலாகாத கதை

அன்புள்ள ஐயா,

புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இலக்கைத் தவறவிட்டால் அதில் தண்டனை இல்லை என்கிறீர்கள். சாதாரணக் கடன் பத்திரத்தில்கூடத் தவணை தவறினால் அபராத வட்டி என்று எழுதுகிறோம். உமிழ்வுக் குறைப்பு இலக்கைத் தவறவிடும் நாட்டுக்கு அப்படி ஒரு வரி எழுத என்ன தடை?

கே.

அன்புள்ள கே.,

அந்த வரியை எழுதிப் பார்த்தாயிற்று. பாரிஸுக்கு முந்தைய பருவநிலை ஒப்பந்தமான, 1997இல் உருவான கியோட்டோ நெறிமுறைக்குப் பின்னர் வகுத்த விதிகளின்படி, 2008–2012 காலகட்டத்தில் ஒரு வளர்ந்த நாடு தன் ஒதுக்கீட்டுக்கு மேல் 100 டன் உமிழ்ந்தால், அடுத்த காலகட்டத்தின் ஒதுக்கீட்டில் 130 டன் கழியும். நீங்கள் கேட்கும் அபராத வட்டியேதான், 30 சதவீதம்.

ஆனால் அடுத்த ஒதுக்கீடு எவ்வளவு என்று பேரம் பேச உட்காருவதும் அதே நாடுதான். 130 டன் கழியப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே 130 டன் சேர்த்துக் கேட்கும். அதுவும் படியவில்லையென்றால் 27ஆம் பிரிவு இருக்கிறது: எழுதிக் கொடுத்து ஓராண்டில் விலகலாம். 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 6 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்ட கனடா, உமிழ்வு கூடிக்கொண்டே போனதும் 2011 டிசம்பரில் விலகல் கடிதம் கொடுத்தது. ஜப்பானும் ரஷ்யாவும் விலகவில்லை. இரண்டாம் காலகட்டத்துக்கு இலக்கே ஏற்கவில்லை. கழிப்பதற்குக் கணக்கே இல்லாதபோது எதிலிருந்து கழிப்பது? கடன் பத்திரத்துக்குப் பின்னால் நீதிமன்றம் இருக்கிறது. இங்கே கடன் வாங்கியவரே நீதிபதி.

பாரிஸில் இந்தப் பாடம்தான் வேலை செய்தது. இலக்கை அவரவரே எழுதிக்கொள்ளலாம்; நாடுகள் ஒப்பந்தப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் 15ஆம் பிரிவின் குழு தண்டிக்காது என்று ஒப்பந்தமே சொல்கிறது. வளர்ந்த நாடுகளின் குறைப்பு பற்றிய 4.4ஆம் பிரிவில் ‘ஷல்’ என்றிருந்த கட்டாயச் சொல் கடைசி நேரத்தில், ‘செய்வது நல்லது’ என்ற அளவிலான ‘ஷுட்’ ஆனது. காரணம் அமெரிக்க செனட்: கட்டாயம் என்று எழுதினால் அதன் ஒப்புதல் தேவைப்படலாம் என்ற அச்சம். 1997லேயே, வளரும் நாடுகளுக்கும் கடப்பாடு இல்லாத ஒப்பந்தம் வேண்டாமென்று 95–0 என வாக்களித்த அவை அது.

அபராதமே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஓசோனுக்கான 1987 மான்ட்ரியல் நெறிமுறையில் பல் இருந்தது: சேராத நாடுகளோடு ஓசோன் படலத்தை அரிக்கும் வேதிப்பொருட்களில் வணிகம் தடை. வெளியே நிற்பவருக்கே நட்டம். ஏழை நாடுகள் மாறுவதற்கான செலவுக்குத் தனி நிதியும் வைத்தார்கள். தயாரிப்பவர்கள் சிலரே, மாற்றுப் பொருளும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. நிலக்கரிக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பல்லைத் தனியாகக் கட்டிப் பார்க்கிறது. 2026 ஜனவரி முதல், இறக்குமதியாகும் இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்றவற்றில் அடங்கிய உமிழ்வுக்குக் கரிமக் கட்டணம் கணக்காகிறது. உற்பத்தியான நாட்டில் ஏற்கெனவே கட்டிய கரிம விலை கழிக்கப்படும். இதிலும் சந்து உண்டு. இரண்டு ஆலை வைத்திருப்பவர் சுத்தமான ஆலையின் இரும்பை ஐரோப்பாவுக்கும், புகை கக்கும் ஆலையின் இரும்பை மற்றவர்களுக்கும் அனுப்புவார். மொத்த உமிழ்வில் ஒரு டன்னும் குறையாது.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது, மான்ட்ரியலின் பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு நிதியை விட்டுவிட்டது. நிதிக்கான பேச்சு தனியே நடக்கிறது: 2024இல் பாகுவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்காக வளர்ந்த நாடுகள் முன்னின்று திரட்டுவதாக ஒப்புக்கொண்டது 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர். அதிலும் கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை.