துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸும் இன்சூரன்ஸும் கட்டாயமாக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும். ஆனால் உயிரைக் காப்பது லைசென்ஸ்தான்; இன்சூரன்ஸ் அதற்குத் துணை மட்டுமே. நான் குடியிருக்கும் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

2021 மே மாதம் இங்குள்ள ரயில் பணிமனை ஒன்றில் ஓர் ஊழியர் உடன் வேலை செய்த 9 பேரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஜனவரியில் நகர மன்றம், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் ஊர் இதுதான். 2023-இல் அது நடைமுறைக்கு வந்தது.

கார் இன்சூரன்ஸ் மாதிரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேண்டுமென்றே ஒருவரைச் சுட்டால் இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. சான் ஹோசே சட்டம் கேட்பதும் கைதவறி வெடிப்பது போன்ற விபத்துகளுக்கான காப்பீட்டைத்தான். பெரும்பாலும் வீட்டு இன்சூரன்ஸிலேயே அது அடங்கிவிடும். அந்த 9 குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தாலும் எதுவும் கிடைத்திருக்காது.

அப்படியானால் அது எதற்கு? கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதற்காக. பெட்டியில் பூட்டி வைக்கிறீர்களா, வீட்டில் குழந்தைகள் உண்டா, தோட்டாவைத் தனியாக வைக்கிறீர்களா? பதிலுக்கு ஏற்ப பிரீமியம் மாறினால், சிலராவது பெட்டி வாங்குவார்கள். இந்தக் கேள்விகளின் அருமை எனக்குத் தெரியும். என் மகள் முதன்முதலாகத் தோழி வீட்டுக்கு விளையாடப் போன அன்று, அந்த அம்மாவிடம் "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று கேட்க எனக்கு அரை நாள் ஆனது. விருந்துக்கு அழைத்தவரிடம் இப்படிக் கேட்பதா என்று மனசு கூசியது. அவர் கோபிக்கவில்லை. இருக்கிறது, பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது என்றார். அப்புறம்தான் அனுப்பினேன்.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொள்பவர்கள். கொலையைப் பற்றிப் பேசும்போது நாம் இவர்களை மறந்துவிடுகிறோம். விண்ணப்பம், சோதனை, சில நாள் காத்திருப்பு என்று இருந்தால், ஒரு மோசமான இரவைக் கடந்துவர மனிதருக்கு நேரம் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் முதலில் 30 கேள்விகள் கொண்ட பாதுகாப்புத் தேர்வில் தேற வேண்டும். வாங்கிய பிறகும் 10 நாள் காத்திருந்துதான் துப்பாக்கியைக் கையில் பெற முடியும். பக்கத்து அரிசோனாவில் தனியார் ஒருவரிடம் வாங்கினால், வாங்குபவர்மேல் குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையே கிடையாது.

கனெடிகட் மாநிலம் 1995-இல் கைத்துப்பாக்கி வாங்க லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. மிசௌரி 2007-இல் தன்னிடம் இருந்த அத்தகைய சட்டத்தை நீக்கியது. முதலாவதில் துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததையும் இரண்டாவதில் கூடியதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். என் மனதை முடிவு செய்தது இந்த ஒப்பீடுதான்.

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது; அது இதற்கெல்லாம் இடம் தருமா என்று கேட்பார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம், வெளியில் துப்பாக்கி எடுத்துச் செல்ல 'தனிப்பட்ட காரணம்' காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதியைத்தான் ரத்து செய்தது. பின்னணிச் சோதனை, பயிற்சி போன்ற தெளிவான நிபந்தனைகளை நிறைவேற்றும் எல்லோருக்கும் உரிமம் தரும் மாநிலங்களின் முறையை அது செல்லாது என்று சொல்லவில்லை.

ஏழைகள் தங்கள் உரிமைக்குப் பணம் கட்ட வேண்டுமா என்ற கேள்வி மட்டும் என்னை உறுத்துகிறது. ஆபத்தான பகுதிகளில் வசிப்பவர்கள்தான் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி தேடுகிறார்கள். சான் ஹோசே, பணக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு அளித்தது. மற்ற ஊர்களும் கட்டணத்தில் அப்படி விட்டுக்கொடுக்கலாம். தேர்வையும் காத்திருப்பையும் மட்டும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது.